ஜிடிகே 2-ஐ வைத்திருப்பது என்றால் எதையெல்லாம் வைத்திருப்பது?

லினக்ஸையும் நிரல்களையும் தொகுத்துத் தரும் டிஸ்ட்ரோ ஒன்றுக்குப் பேக்கேஜ் செய்து கொடுக்கும், அதாவது நிரல்களை மூலத்திலிருந்து கம்பைல் செய்து நிறுவத் தயாராகக் கட்டித் தரும் தன்னார்வலர்களில் நானும் ஒருவன். வரைகலை நிரல்கள் என் பங்கு. இந்த வேலையில் ஒரு கேள்வி என்னை விடாமல் துரத்திக்கொண்டே வந்திருக்கிறது. ஜிடிகே என்பது நிரல்களுக்குச் சாளரம், பொத்தான், மெனு போன்றவற்றைத் தரும் டூல்கிட்; 2, 3, 4 என்பவை அதன் பதிப்புகள். ஒரு நிரலை ஜிடிகே 2-இலும் கம்பைல் செய்யலாம், ஜிடிகே 3-இலும் செய்யலாம் என்றால் எதில் செய்து கொடுப்பது? "இரண்டையும் கொடுங்கள், வேண்டியதை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்" என்று பயனர்கள் சொல்வார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கட்டற்ற மென்பொருள் என்றாலே விரும்பியதைத் தேர்ந்தெடுக்கும் உரிமைதானே என்று கூடவே ஒரு வாதமும் வரும். எனக்கு அந்தப் பதில் தொடக்கத்திலிருந்தே மனதில் ஒட்டவில்லை. ஏன் என்று தெளிவாகச் சொல்ல வெகுகாலம் ஆயிற்று. சொல்ல முடிந்த நேரத்தில், நான் கேட்க வேண்டிய கேள்வியே வேறு என்று தெரிந்துவிட்டது.

ஆண்டுகளை மட்டும் நினைவூட்டிவிடுகிறேன். ஜிடிகே 2.0 வந்தது 2002 மார்ச்சில். 3.0 வந்தது 2011 பிப்ரவரியில். 4.0 வந்தது 2020 டிசம்பரில். அதே மாதத்தில் 2.24.33 வெளியானதோடு ஜிடிகே 2-இன் கணக்கை அதை எழுதியவர்கள் முடித்துவிட்டார்கள். ஆனால் எந்த நிரலுக்காக இந்த டூல்கிட்டே பிறந்ததோ அந்த கிம்ப் என்ற படத் திருத்தி, 2.10 வரிசை முழுவதும் ஜிடிகே 2-இல்தான் ஓடியது. ஜிடிகே 3-க்கு மாறிய கிம்ப் 3.0 வெளியானது 2025 மார்ச்சில். டூல்கிட் ஓய்வு பெற்று நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும் அதன் மூத்த பிள்ளை அதையே நம்பிக்கொண்டிருந்தது. கிம்ப் இல்லாத டெஸ்க்டாப் டிஸ்ட்ரோவை யாரும் ஏற்கமாட்டார்கள். அதனால் ஜிடிகே 2-ஐ எப்போது தூக்குவது என்ற பேச்சு எழும்போதெல்லாம் "கிம்ப் வரட்டும்" என்று அது அடங்கிவிடும்.

வட்டில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதில் எந்தத் தகராறும் இல்லை. அதை ஜிடிகே ஆட்கள் நன்றாகவே யோசித்துச் செய்திருக்கிறார்கள். லைப்ரரிக் கோப்பின் பெயரிலேயே பதிப்பு இருக்கிறது, ஹெடர்களுக்குத் தனித்தனி அடைவு, கம்பைல் செய்யும்போது லைப்ரரிகளைத் தேடித் தரும் பிகேஜி-கான்ஃபிக்கில் தனித்தனிப் பெயர். ஒன்றை நிறுவினால் மற்றது கெடாது. இடறியதெல்லாம் ஓரங்களில்தான். ஐகான் கேஷைப் புதுப்பிக்கும் சிறு கட்டளை ஜிடிகே 2-உடனும் வந்தது, ஜிடிகே 3-உடனும் அதே பெயரில் வந்தது. எந்தப் பேக்கேஜ் அதைச் சொந்தம் கொண்டாடுவது என்று முடிவு செய்ய முடியாமல், பல டிஸ்ட்ரோக்கள் அதைத் தனிப் பேக்கேஜாகவே பிரித்துவிட்டன.

உண்மையான எல்லை வட்டில் இல்லை, பிராசஸுக்குள், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்குள் இருக்கிறது. ஜிடிகேயின் அடித்தள லைப்ரரியான ஜிலிப்பின் வகை அமைப்பு, பொத்தான், பெட்டி போன்ற ஒவ்வொரு விட்ஜெட் வகையையும் அதன் பெயரால் ஒரே பட்டியலில் பதிவு செய்கிறது. ஜிடிகே 2-உம் தன் அடிப்படை விட்ஜெட்டை அதே பெயரில்தான் பதிவு செய்யும், ஜிடிகே 3-உம் அப்படியே. ஒரே பிராசஸில் இரண்டும் ஏறினால் இரண்டாவதாக வருவதற்கு இடமில்லை. அதனால் ஜிடிகே 3 தொடங்கும்போதே ஒரு சோதனை செய்கிறது. மூன்றாம் பதிப்பில் நீக்கப்பட்ட ஒரு பழைய முன்னேற்றக் காட்டி விட்ஜெட்டின் செயற்கூறு நினைவகத்தில் கிடைக்கிறதா என்று பார்க்கும். கிடைத்தால், ஜிடிகே 2 இங்கே இருக்கிறது, இரண்டையும் ஒரே பிராசஸில் கலக்க முடியாது என்று சொல்லிவிட்டு நிரலை நிறுத்திவிடும். மூலத்தில் அந்தச் சில வரிகளைப் பார்த்தபோது எனக்கு மரியாதைதான் வந்தது. எங்கோ போய்ப் புரியாத விதத்தில் உடைவதைவிட வாசலிலேயே நிறுத்துவது மேல். ஃபயர்ஃபாக்ஸ் 2016-இல் தன் 46-ஆம் பதிப்பில் ஜிடிகே 3-க்கு மாறியபோதும் ஃப்ளாஷ் பிளக்இன் ஜிடிகே 2-இலேயே நின்றது. பிளக்இன் தனி பிராசஸில் ஓடியதால்தான் அந்தக் குடித்தனம் நடந்தது.

இந்த எல்லையை மனதில் வைத்துக்கொண்டால், பின்னால் சொல்லப்போவது எல்லாம் அதிலிருந்தே வருவது புரியும்.

யார் தேர்ந்தெடுப்பது

மூலத்திலிருந்து கம்பைல் செய்யும் டிஸ்ட்ரோக்களில் இந்த விவாதம் பச்சையாகவே நடந்தது. ஜென்டூவில் யூஸ் ஃபிளாக் என்ற ஏற்பாடு உண்டு. எந்தெந்த வசதியோடு கம்பைல் செய்வது என்று பயனர் தன் அமைப்புக் கோப்பில் சொல்லிவிடலாம். ஜிடிகே 3 வந்ததும் அதற்கென்று ஒரு ஃபிளாக் முளைத்தது. பழைய ஃபிளாக்கும் இருந்தது. பழையது ஆன், புதியது ஆஃப் என்றால் பொருள் தெளிவு. இரண்டும் ஆன் என்றால் இரண்டு முகங்களா, அல்லது புதியதற்கு முன்னுரிமையா? பழையது ஆஃப், புதியது ஆன் என்றால் வரைகலை முகமே வேண்டாம் என்றா, ஜிடிகே 3 மட்டும் வேண்டும் என்றா? ஒவ்வொரு பேக்கேஜும் ஒவ்வொரு விதமாகப் பொருள் கொண்டது. கடைசியில் க்னோம் டெஸ்க்டாப்பைக் கவனிக்கும் அவர்களுடைய குழு ஒரு கொள்கையை முன்வைத்தது. சாதாரண நிரல் என்றால் எந்த ஜிடிகே என்பதைப் பேக்கேஜ் செய்பவரே முடிவு செய்து ஒன்றில் மட்டும் கொடுக்க வேண்டும். பிற நிரல்கள் நம்பியிருக்கும் லைப்ரரி என்றால் ஃபிளாக் வேண்டாம், இரண்டு ஸ்லாட்டுகளாகப் பிரித்து இரண்டையும் ஒரே நேரத்தில் நிறுவும்படி கொடுக்க வேண்டும். வலைப்பக்கங்களைக் காட்டும் லைப்ரரியான வெப்கிட்-ஜிடிகேயை அப்படித்தான் கொடுத்தார்கள். ஒரே பதிப்பு, திருத்த எண் 200 என்றால் ஜிடிகே 2-க்கு, 300 என்றால் ஜிடிகே 3-க்கு.

லைப்ரரிக்கு இரண்டும் வேண்டும், நிரலுக்கு ஒன்று போதும். இந்தப் பிரிவினை எவ்வளவு சரியானது என்பது பழகப் பழகத்தான் தெரிந்தது. லைப்ரரியை யார் பிராசஸில் ஏற்றிக்கொள்வார்கள் என்று அதற்குத் தெரியாது. ஏற்றிக்கொள்பவர் ஜிடிகே 2 என்றால் அதுவும் ஜிடிகே 2-ஆக இருந்தே ஆக வேண்டும். டெபியன் டிஸ்ட்ரோ ஒரு கட்டத்தில், ஜிடிகே மேல் ஓடும் லைப்ரரியான டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ் 3.0-ஐ இரண்டு விதமாகவும் கம்பைல் செய்து கொடுத்தது இதனால்தான். நிரலோ கடைசிக் கண்ணி. அதற்குள் என்ன இருக்கிறது என்பதற்கு அது மட்டுமே பொறுப்பு.

ஆனால் கடைசிக் கண்ணி போலத் தெரிவதெல்லாம் கடைசிக் கண்ணி இல்லை. மாட்டே டெஸ்க்டாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1.18-க்கு முந்தைய சில பதிப்புகளில் ஒவ்வொரு கூறையும் ஜிடிகே 2-இலோ 3-இலோ கம்பைல் செய்ய ஒரு சுவிட்ச் இருந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் பயனருக்கு முழுச் சுதந்திரம். ஆனால் காஹா என்ற கோப்பு மேலாளர் தன் நீட்சிகளைத் தன் பிராசஸுக்குள்ளேயே ஏற்றிக்கொள்ளும். காஹா ஜிடிகே 3-இல், நீட்சி ஜிடிகே 2-இல் என்றால் அந்த நீட்சி உதவாது. ஆகவே அந்தச் சுவிட்ச் பேக்கேஜுக்கு ஒன்று என்று இருந்தாலும், டெஸ்க்டாப் முழுவதற்கும் ஒரே பதில்தான் சொல்ல முடியும். அந்தப் பதிலை டிஸ்ட்ரோதான் சொல்ல முடியும். 2017 மார்ச்சில் வந்த 1.18-இல் ஜிடிகே 2-க்கான நிரல்வரிகளை அவர்களே நீக்கியபோது எனக்கு நிம்மதியாக இருந்தது.

புதியதே எப்போதும் மேல் என்று நான் சொல்லவரவில்லை. ஆடேஷியஸ் இசைப்பான் ஜிடிகே 3-க்குப் போய்விட்டு, அதன் போக்கு பிடிக்காமல் 3.6 பதிப்பில் ஜிடிகே 2-க்கே திரும்பியது. கூடவே க்யூடி என்ற வேறொரு டூல்கிட்டில் ஒரு முகத்தையும் வளர்த்தெடுத்தது. அப்போது அது யோசித்துச் செய்த முடிவு. ஜிடிகே 3-இன் தீம் அமைப்பு அந்த ஆண்டுகளில் ஒரு நிலையில் நிற்கவில்லை. 2016-இல் வந்த 3.20-இல் தோற்றத்தை விவரிக்கும் சிஎஸ்எஸ் அமைப்பு மாறி, அதுவரை எழுதப்பட்ட தீம்கள் பெரும்பாலும் உடைந்தன. அந்தக் காலத்தில் "எனக்கு ஜிடிகே 2 பில்ட் வேண்டும்" என்று எழுதியவர்களின் எரிச்சலில் உண்மை இருந்தது. ஆனால் அந்த உண்மைக்கு விடை, அந்த நிரலை எழுதுபவர்கள் எதில் ஓட்டிச் சோதிக்கிறார்களோ அதையே நானும் கொடுப்பது. நான் ஒரு சுவிட்சைக் கொடுத்துவிட்டால், எழுதியவர்களும் சோதிக்காத, நானும் சோதிக்காத ஒரு கலவையைப் பயனர் தலையில் கட்டுகிறேன். அவர் பிழை அறிக்கை போடும்போது முதல் கேள்வியே "உங்களுடையது எந்த ஜிடிகே?" என்றாகிவிடும். அந்த அறிக்கையை மூல ஆசிரியர்களுக்கு அனுப்பினால், "நாங்கள் அதில் ஓட்டுவதில்லை" என்று திரும்பி வரும். உரிமை என்று கொடுத்தது கடைசியில் ஆதரவில்லாத மூலையாக முடிகிறது.

இரண்டையும் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் வயர்ஷார்க் என்ற வலையமைப்பு ஆய்வு நிரல் காட்டிய வழி ஒன்று உண்டு. 2015 நவம்பரில் 2.0 வந்தபோது க்யூடி முகம் முதன்மையானது. பழைய ஜிடிகே முகமும் வேறு பெயரில் தனி நிரலாகக் கூடவே வந்தது. இரண்டையும் மூல ஆசிரியர்களே பராமரித்தார்கள். 2019-இல் 3.0-இல் பழையதை எடுத்தார்கள். பிழை அறிக்கையில் நிரலின் பெயரைப் பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும். பயனருக்கும் மாற அவகாசம் கிடைத்தது. இப்படி எழுதுபவர்களே இரண்டையும் தாங்கினால் நான் மனமாரப் பேக்கேஜ் செய்வேன்.

யாரும் சார்ந்திருக்காத பேக்கேஜ்

இதுவரை சொன்னது என் பழைய நிலைப்பாடு. இப்போதும் அதிலிருந்து நான் விலகவில்லை. ஆனால் அது போதாது என்று உணர்த்தியது ஒரு பிழை அறிக்கை.

எங்கள் குழுவில் ஜிடிகே 2-ஐ வைத்திருப்பது என்றே முடிவாகியிருந்தது. கிம்ப் உட்பட சில நிரல்களுக்கு அது வேண்டும். அதே நேரம், ஜிடிகே 2-ஐச் சுற்றிக் குவிந்து கிடந்தவற்றைக் குறைப்பது என்றும் முடிவு. அதற்கு வழக்கமான முறையே கடைப்பிடிக்கப்பட்டது. ஜிடிகே 2-ஐச் சார்ந்த எல்லாப் பேக்கேஜுகளையும் பட்டியலிடுவது, அவற்றில் வேறு யாரும் சார்ந்திருக்காதவற்றை, தனி நிரலாகவும் இல்லாதவற்றைத் தனியே எடுப்பது, ஒவ்வொன்றாக நீக்குவது. சார்புகளைக் காட்டும் வரைபடம் தெளிவாக இருந்தது. யாருக்கும் தேவைப்படாத பேக்கேஜுகள் என்று அது காட்டியவை போயின.

சில காலம் கழித்து ஒரு மொழிபெயர்ப்பாளரிடமிருந்து அறிக்கை வந்தது. படங்களில் உள்ள வாசகங்களைத் தன் மொழியில் மாற்றி எழுதுவது அவர் வேலை. டெர்மினலில், உலாவியில், உரைத் திருத்தியில் எல்லாம் தன் எழுத்துகளைத் தட்டச்ச முடிகிறது, கிம்ப்பின் உரைக் கருவியில் மட்டும் ஆங்கில எழுத்துகளே விழுகின்றன என்று எழுதியிருந்தார். எழுத்துரு சரியாக இருந்தது. வேறு இடத்தில் எழுதி நகலெடுத்து ஒட்டினால் அழகாக வந்தது. விசைப்பலகை மாற்றம் மட்டும் அந்த ஒரு சாளரத்துக்குள் நுழைய மறுத்தது. "கிம்ப் கெட்டுவிட்டதா, என் கணினி கெட்டுவிட்டதா என்று தெரியவில்லை" என்று முடித்திருந்தார்.

உள்ளிடும் முறை எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் காரணம் உடனே புலப்படும். விசை அழுத்தங்களைப் பிற மொழி எழுத்துகளாக மாற்றும் ஐபஸ் என்ற நிரல் பின்னணியில் ஓடும். ஆனால் விசை அழுத்தங்களை நிரலிலிருந்து வாங்கி ஐபஸிடம் கொடுத்து, திரும்ப வரும் எழுத்தைப் பெட்டியில் இடுவது ஒரு சிறு மாட்யூல். அது நிரலின் பிராசஸுக்குள் ஏறி உட்கார வேண்டிய ஒன்று. மேலே சொன்ன எல்லை இங்கே வந்துவிடுகிறது. ஜிடிகே 2 நிரலுக்கு ஜிடிகே 2-க்கான மாட்யூல், 3-க்கு இன்னொன்று, 4-க்கு இன்னொன்று, க்யூடி 5-க்கும் 6-க்கும் தனித்தனி. ஜிடிகே 2 தன் மாட்யூல்களை 2.10.0 என்று பெயரிட்ட ஓர் அடைவில் தேடும். ஜிடிகே 2.24-ஐ ஓட்டினாலும் அடைவின் பெயர் 2.10.0-தான், ஏனென்றால் மாட்யூல்கள் பொருந்துவதற்கான பைனரி ஒப்பந்தம் அதன் பிறகு மாறவில்லை. அவர் கணினியில் அந்த அடைவைப் பட்டியலிட்டு அனுப்பச் சொன்னோம். ஐபஸுக்கான கோப்பு அங்கே இல்லை. ஜிடிகே 3-இன் அடைவில் இருந்தது.

எந்த உள்ளிடும் முறை வேண்டும் என்று நிரல்களுக்குச் சொல்லும் சூழல் மாறியில் ஐபஸ் என்று எழுதியிருந்தும், அந்தப் பெயரில் மாட்யூல் கிடைக்காதபோது ஜிடிகே 2 பயனர் கண்ணில் படும்படி எதையும் சொல்வதில்லை. மொழிச் சூழலைப் பார்த்து வேறு வழி தேடிக்கொள்ளும். கொரியம், ஜப்பானியம், தாய், சீனம் என்றால் எக்ஸ்ஐஎம் என்ற பழைய உள்ளீட்டு வழிக்குப் போகும், தட்டச்சு நடந்துவிடும். மற்ற மொழிகளுக்கு உள்ளேயே இருக்கும் எளிய முறைதான். அதிகம் பேர் பயன்படுத்தும் மொழிக்காரர்களிடமிருந்து புகாரே வராததற்கும், சின்ன மொழிக்காரர் ஒருவரிடமிருந்து மட்டும் வந்ததற்கும் காரணம் இதுவே.

நீக்கப்பட்டவற்றின் பட்டியலைத் திரும்ப எடுத்துப் பார்த்தோம். ஜிடிகே 2-க்கான ஐபஸ் மாட்யூல் அதில் இருந்தது. "யாரும் சார்ந்திருக்கவில்லை" என்ற குறிப்போடு. அந்தக் குறிப்பு முற்றிலும் சரி. கிம்ப் பேக்கேஜ் ஐபஸைச் சார்ந்ததில்லை. ஜிடிகே 2-உம் ஐபஸைச் சார்ந்ததில்லை. ஐபஸ் தானும் இந்த மாட்யூலைக் கட்டாயம் என்று கேட்பதில்லை. மாட்யூலை ஏற்றுவது ஓடும் நேரத்தில், கேஷ் கோப்பு ஒன்றைப் பார்த்து நடக்கும் வேலை. சார்பு வரைபடத்தில் அதற்குக் கோடே கிடையாது. மனிதர் மட்டும்தான் அதைச் சார்ந்திருந்தார்.

அந்த வரியை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜிடிகே 2-ஐ ஆதரிக்கிறோம் என்று வெளியீட்டுக் குறிப்பில் எழுதியிருந்தோம். எதை ஆதரித்தோம்? ஒரு லைப்ரரிக் கோப்பு, அது திறக்கும் சாளரங்கள். அந்தச் சாளரத்தில் தன் மொழியில் எழுத முடியாதவருக்கு அது என்ன ஆதரவு? நான் இத்தனை காலம் வாதாடிக்கொண்டிருந்த கேள்வி, எந்த நிரலுக்கு எந்தப் பதிப்பு என்பது. அதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருந்தது. ஒரு பதிப்பை வைத்திருக்கிறோம் என்று சொன்னால் எதுவரை?

பார்க்கத் தொடங்கினால் வரிசையாக வந்தன. பார்வையற்றோர் பயன்படுத்தும் ஆர்கா திரைவாசிப்பான், நிரலின் பொத்தான்களையும் பெட்டிகளையும் அறிந்துகொள்ள ஒரு பாலம் வேண்டும். ஜிடிகே 3 அந்தப் பாலத்தைத் தன்னோடு சேர்த்தே இணைத்துக்கொண்டது. ஜிடிகே 4 இன்னும் ஒரு படி போய் ஏடிகே என்ற இடைப்பட்ட லைப்ரரியே இல்லாமல் நேராகப் பேசுகிறது. ஜிடிகே 2-க்கு அது தனி மாட்யூல், ஓடும் நேரத்தில் ஏற வேண்டியது. கம்பைல் செய்யும்போது ஒரு விருப்பத்தை அணைத்தால் போதும், காணாமல் போய்விடும். அப்போது ஜிடிகே 2 சாளரம் திரையில் எல்லோருக்கும் தெரியும், திரைவாசிப்பானுக்கு மட்டும் வெறுமையாக இருக்கும். தீம் எஞ்சின்களும் அப்படியே. அவை இல்லையென்றால் சாம்பல் நிறப் பொத்தான்களோடு நிரல் ஓடும், டெர்மினலில் எஞ்சின் கிடைக்கவில்லை என்ற எச்சரிக்கை வரிவரியாக ஓடும். ஒலிக்கான கான்பெரா மாட்யூல் பற்றிய எச்சரிக்கையைப் பார்க்காத லினக்ஸ் பயனர் அரிது. எந்தெந்த மாட்யூல் வேண்டும் என்று சொல்லும் சூழல் மாறி ஜிடிகே 2-க்கும் 3-க்கும் பொது. மாட்யூல் மட்டும் தனித்தனி. ஒன்றுக்கு நிறுவியிருந்து மற்றதற்கு நிறுவாமல் விட்டால் அந்த வரி வந்துகொண்டே இருக்கும்.

ஐபஸ் மாட்யூல் திரும்பச் சேர்க்கப்பட்டது. அதோடு குழுவில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. ஒவ்வொரு டூல்கிட் பதிப்புக்கும், சார்பு வரைபடத்தில் தெரியாத துணைகள் எவை என்று கையால் எழுதிய பட்டியல். உள்ளீடு, அணுகல்தன்மை, தீம், ஒலி, அச்சுப் பெட்டி. அவற்றை டூல்கிட் பேக்கேஜின் பரிந்துரைகளில் சேர்த்தோம், அதனால் நீக்கல் பட்டியலில் இனி அவை அநாதைகளாகத் தெரியாது.

எதுவரை வைத்திருக்கலாம்

இப்படிச் சொன்னதும், அப்படியானால் எல்லாப் பழைய டூல்கிட்டையும் எல்லாத் துணைகளோடும் காலமெல்லாம் சுமக்க வேண்டுமா என்று ஒரு நண்பர் கேட்டார். இல்லை. ஆனால் எதைச் சுமப்பது என்பதை வயதைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது.

ஜிடிகே 2 மெதுவாகவே பழுதானது. அதற்குக் காரணம் உண்டு. அது படங்களைத் திறக்க கிடிகே-பிக்ஸ்பஃப், எழுத்துகளை அடுக்க பாங்கோ, வரைய கெய்ரோ, அடித்தளத்துக்கு ஜிலிப் என்று வெளி லைப்ரரிகளை நம்புகிறது. அவை நான்கும் ஜிடிகே 3-க்கும் தேவை என்பதால் தொடர்ந்து பராமரிக்கப்பட்டன. கெட்ட படக் கோப்பால் வரும் ஆபத்தை கிடிகே-பிக்ஸ்பஃபில் சரிசெய்தால், அந்தப் பலன் ஜிடிகே 2 நிரலுக்கும் தானாகக் கிடைக்கும். உறைந்து நிற்பது பொத்தான், மெனு, பெட்டி ஆகியவை மட்டும். அதிக அடர்த்தித் திரையில் அளவு பெருக்கத் தெரியாது, புதிய திரை அமைப்பான வேலாண்டில் நேராக ஓடத் தெரியாது. குறைகள்தான். ஆனால் பயனரை ஆபத்தில் தள்ளும் குறைகள் அல்ல.

வெப்கிட்-ஜிடிகே 2.4 வரிசை வேறு கதை. ஜிடிகே 2-ஐத் தாங்கிய கடைசி வரிசை அது. அதன் பிறகும் பல நிரல்கள் அதை விட்டு நகரவில்லை. முன்பின் தெரியாத வலைப்பக்கங்களைத் திறந்து ஓட்டும் நிரல்வரிகளைத் திருத்துவார் இல்லாமல் வைத்திருப்பதை எந்தப் பயனருக்காகவும் நான் ஒப்பமாட்டேன். அதை டிஸ்ட்ரோக்கள் நீக்கியபோது சில நல்ல நிரல்களும் சேர்ந்து போயின. வருத்தம்தான், ஆனாலும் சரியான முடிவு. க்யூடி 4 இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தது. அதில் வலையமைப்பு, எக்ஸ்எம்எல், உலாவி எஞ்சின் என்று எல்லாமே ஒரே கூரையின் கீழ். கடைசி வெளியீடான 4.8.7 வந்தது 2015-இல். அதன் பிறகு குறியாக்க லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல்லின் 1.1 பதிப்புக்கு எல்லோரும் மாற, க்யூடி 4-இன் வலையமைப்புப் பகுதி பழைய ஓப்பன்எஸ்எஸ்எல்லையே எதிர்பார்த்து நின்றது. டெபியனில் அதை 10-ஆம் பதிப்பிலேயே நீக்கிவிட எண்ணியிருந்தார்கள், ஆனால் 2021-இல் வந்த 11-இல்தான் அது முடிந்தது. அவ்வளவு நிரல்கள் அதைப் பிடித்துக்கொண்டிருந்தன.

க்யூடி 5-இன் நிலைமை இன்னும் நுட்பமானது. 5.15-இன் நீண்டகாலத் திருத்தங்கள் 2021 ஜனவரியிலிருந்து வணிக உரிமம் வாங்கியவர்களுக்கு மட்டும் என்று க்யூடி நிறுவனம் மாற்றியது. க்யூடியில் எழுதப்பட்ட கேடிஇ டெஸ்க்டாப்பின் சமூகம் அதே ஆண்டு ஏப்ரலில் தன் பொறுப்பில் ஒரு பேட்ச் தொகுப்பை, அதாவது திருத்தத் தொகுப்பைத் தொடங்கியது. டிஸ்ட்ரோக்கள் அதிலிருந்துதான் எடுத்துக்கொண்டன. பழைய டூல்கிட் ஒன்றை யாராவது பொறுப்பேற்றுத் தாங்கினால் எவ்வளவு கண்ணியமாக அது ஓய்வு பெறலாம் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. அங்கும் துணைகளின் தொல்லை உண்டு. க்யூடியின் உள்ளீட்டு மாட்யூல்கள் அதன் வெளிப்படையான இடைமுகங்களோடு நிற்காமல் உள் ஹெடர்களையும் பயன்படுத்துவதால், க்யூடியின் சிறு பதிப்பு மாறினாலும் அவற்றை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். டெபியன் இதற்கென்றே க்யூடியின் சிறு பதிப்பு எண்ணைப் பெயரில் கொண்ட ஒரு மெய்நிகர்ப் பேக்கேஜை உருவாக்கி, அப்படிப்பட்ட மாட்யூல்களை அதோடு கட்டிவைத்தது. கண்ணுக்குத் தெரியாத சார்பை வரைபடத்தில் கோடாக்கிய வேலை அது. நான் அதைப் படித்தபோது, யாரோ எங்கோ இதே அறிக்கையைப் பெற்றிருக்கிறார்கள் என்று தோன்றியது.

நிரலை டிஸ்ட்ரோவைச் சாராத தனிப் பொதியாக வழங்கும் ஃபிளாட்பேக்கில் பழைய நிரல்களை எல்லாம் போட்டுவிட்டால் டிஸ்ட்ரோவின் சுமை தீர்ந்தது என்ற வாதமும் அடிக்கடி வருகிறது. பாதி உண்மை. ஃபிளாட்பேக் நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் லைப்ரரித் தொகுப்பான க்னோம் ரன்டைமில் ஜிடிகே 2 இல்லை. அதனால் ஜிடிகே 2 நிரலை ஃபிளாட்பேக் ஆக்குபவர் டூல்கிட்டையும் தன்னோடு மூட்டை கட்டிக்கொண்டு வர வேண்டும். உள்ளீட்டு மாட்யூலையும், தீமையும், அணுகல் பாலத்தையும் அவர் நினைவு வைத்துக் கட்டினால்தான் உண்டு. வேலை குறையவில்லை. ஒவ்வொரு நிரலின் பொறுப்பாளரும் அந்தப் பட்டியலைத் தனித்தனியே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

கிம்ப் 3.0 வந்துவிட்டது. ஜிடிகே 2-இல் மிச்சம் இருப்பவை இப்போது கொஞ்சமே. ஆர்டர் ஒலித் தொகுப்பான் போன்ற சில, ஜிடிகே 2-இன் நிரல்வரிகளைத் தங்கள் மூலத்துக்குள்ளேயே எடுத்துக்கொண்டு தனி வழி போய்விட்டன. அடுத்த முறை ஜிடிகே 3-க்கு. எக்ஸ்எஃப்சிஇ, மாட்டே, சின்னமன் ஆகிய மூன்று டெஸ்க்டாப்புகளும் அதில்தான் நிற்கின்றன. எக்ஸ்எஃப்சிஇ 4.12-இலிருந்து 4.14 வர 2015-இலிருந்து 2019 வரை ஆனது. பெரும்பாலும் ஜிடிகே 3-க்கு மாறும் வேலைக்காகவே. 2025-இல் வந்த ஜிடிகே 4.18-இல், வேலாண்டுக்கு முந்தைய திரை அமைப்பான எக்ஸ்11-க்கான ஆதரவு கைவிடப்படவிருக்கும் பகுதி என்று குறிக்கப்பட்டுவிட்டது. ஐந்தாம் பதிப்பில் அது இருக்காது. எக்ஸ்11-ஐ விட முடியாத நிரல்கள் ஜிடிகே 3-இல் நெடுநாள் தங்கும் என்பது என் கணிப்பு.

அதனால் ஜிடிகே 3-க்கான துணைப் பட்டியலை இப்போதே எழுதத் தொடங்கியிருக்கிறேன், அதை எழுதியவர்கள் இன்னும் கேட்டால் பதில் சொல்லும் தூரத்தில் இருக்கும்போதே. உள்ளீட்டு மாட்யூல்கள் முதல் வரி. ஏடிகே பாலம் இரண்டாவது. அச்சுப் பெட்டியின் பின்னணி மாட்யூல்கள், கோப்பு மேலாளர்களின் நீட்சிகள், க்யூடி நிரல்கள் ஜிடிகே 3-இன் கோப்புப் பெட்டியைக் காட்ட ஏற்றிக்கொள்ளும் பிளக்இன் எல்லாம் சேர்ந்துவிட்டன. வெப்கிட்-ஜிடிகேயின் 4.0, 4.1 இரண்டு இடைமுகங்களும் ஜிடிகே 3-க்கே என்றாலும் ஒன்று வலை இணைப்புக்கான லைப்ரரியான லிப்சூப் 2-ஐயும் மற்றது லிப்சூப் 3-ஐயும் ஏற்றும், அவை ஒரே பிராசஸில் சேராது என்பதையும் எழுதி வைத்திருக்கிறேன். அந்த மொழிபெயர்ப்பாளரிடமும் பட்டியலை அனுப்பி, அவர் பயன்படுத்துவதில் எது விடுபட்டிருக்கிறது என்று கேட்டிருந்தேன். திரையில் தோன்றும் விசைப்பலகையை நான் எழுதவில்லை என்று பதில் வந்தது. அதைச் சேர்த்திருக்கிறேன்.